கடைசி வீட்டு டம்ளர்

பிப்ரவரி 6

என் மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மாப்பிள்ளை எழுதுவது.

நான் இங்கே சுகம். நீ, மருமகள், பாப்பா மூன்று பேரும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் கண் திறந்ததும் முதலில் நினைத்துக்கொள்கிறேன். கண் என்றால் ஒரு கண். இன்னொன்றில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அடுத்த கண்ணுக்கு நாலைந்து மாதம் போகட்டும் என்கிறார் டாக்டர். அதுவரை அக்கா வீட்டில்தான் இருக்க வேண்டுமாம். ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். உன் அக்கா என் செருப்பை எடுத்து எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை ரொம்ப நல்லவர். எழுதுகிறவரே அவர்தான், அதனால் வேறு மாதிரி சொல்லவும் வழியில்லை. மருந்துக்கடையில் டாக்டர்களின் கிறுக்கலை வாசித்து வாசித்து இவர் எழுத்தும் அப்படியே ஆகிவிட்டது என்று உன் அக்கா சொல்கிறாள். புரியவில்லை என்றால் அவளைக் கேள். எனக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான்.

போனில் பேசலாமே என்கிறாய். போனில் பாதி கேட்கிறது, மீதிக்குத் தலையாட்டுகிறேன். நான் ஆட்டுகிற தலை உனக்குத் தெரியுமா? கடுதாசி என்றால் மாப்பிள்ளையை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லலாம். காதில் ஒழுங்காக விழுந்தது எனக்கு மறந்துபோகாது, அது உனக்கே தெரியும்.

சாயப் பட்டறைச் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டு வண்டி ஏறும்போது ஒன்றுதான் சொன்னேன். மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் சொல்கிறேன், வயசானவன் வாய் சும்மா இருக்காது. காலையில் பட்டறை திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் ஓரமாகவே நடந்து கீழ்க்கரையில் கடைசி வீட்டுக்குப் போ. நம் சாயத் தண்ணீர் குழி குழியாகத் தேங்கித் தெளிந்து, வாய்க்காலில் விழுந்து, அங்கேதான் போய்ச் சேருகிறது. அந்த அம்மா வாசல் ஆணியில் மாட்டியிருக்கும் டம்ளரை எடுத்து, வாய்க்காலில் முக்கி, உன் கையில் தருவாள். மேலே இருக்கிறவனை நினைத்துக் குடித்துவிட்டு வந்து கதவைத் திற. நாம் விட்ட தண்ணீரை முதலில் நாம் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் நம் தொழில்.

அவளுக்கு வாய் நீளம். "இன்னைக்கும் சாகலையா நீ?" என்று கேட்டுக்கொண்டேதான் டம்ளரை நீட்டுவாள். "நீ குடுக்கற தண்ணில எங்க சாகறது?" என்பேன் நான். இது எங்கள் குட் மார்னிங். நீ உனக்கென்று ஒரு பதில் வைத்துக்கொள்.

உன் நெஞ்செரிச்சல் தேவலையா? மருமகள் இருமல் நின்றதா? பாப்பாவுக்கு என் முத்தம். மாப்பிள்ளை இந்த இடத்தில் வெட்கப்படுகிறார்.

அப்பா


பிப்ரவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தான் எழுத்தை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு வரியாகப் பங்கு போட்டு வாசித்து முடித்தோம். கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் நலம். அவளுக்கு இருமல் குறைந்திருக்கிறது. பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், விழுந்தால் நம்மை முறைக்கிறாள்.

ஒரு நல்ல செய்தி. கப்பலில் போகிற துணிக்கு நூல் சாயம் போட்டுத் தரும் ஆர்டர் நமக்கு வந்திருக்கிறது. அடுப்பும் தொட்டியும் வைத்துக்கொண்டு அந்த அளவு முடியாது. புது மெஷின்கள் வந்து இறங்கிவிட்டன. பட்டை, வேர் எல்லாம் இனி வேண்டாம், பவுடர் சாயம்தான். நீங்கள் ஒரு முழு நாள் கிண்டிக்கொண்டு நிற்பது இப்போது ஒரு ஷிஃப்டுக்குள் முடிகிறது. கீழ்க்கரையில் பாதி வீடுகளிலிருந்து நமக்கு ஆள் வருகிறார்கள். பெண்களும் வருகிறார்கள். போன வாரம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருத்தி "உங்கப்பா நல்லா இருக்கணும்" என்றாள். உங்களுக்குத்தான் அது சேர வேண்டும், எழுதிவிட்டேன்.

கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கிறார்களா? அக்காவுக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

உங்கள் மகன்


மார்ச் 9

என் மகனுக்கு,

நான் சுகம். கட்டு அவிழ்த்துவிட்டார்கள். மாப்பிள்ளை தலையில் இவ்வளவு நரை இருப்பது இப்போதுதான் தெரிகிறது. அவர் அதை எழுதமாட்டேன் என்றார். சொன்னதை எழுதுவதுதானே பேச்சு?

உன் கடுதாசியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நெஞ்சு நிறைந்துவிட்டது. கீழ்க்கரை வீடுகளில் பகலில் சமைக்கிறார்கள் என்றால் அதைவிட என்ன வேண்டும்? ஆனால் கடைசி வீட்டம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலை மும்முரத்தில் விட்டுப்போயிருக்கும்.

உனக்கு நான் இதைச் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. இப்போது இங்கே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அந்த வாய்க்காலோரம் பட்டறை போடப் போனபோது கீழ்க்கரைக்காரர்கள் வழி மறித்தார்கள். "உங்க சாயம் எங்க குடத்துல வரும்" என்றார்கள். வராது, சத்தியம் பண்ணுகிறோம் என்றோம். எந்தச் சாமி மேல் என்று கேட்டார்கள். அங்கேதான் சிக்கல். ஐந்து பேரும் ஐந்து வழியில் கும்பிடுகிறவர்கள். ஒருத்தன் சத்தியத்தை இன்னொருத்தன் சத்தியமாகவே எண்ணவில்லை. எங்களுக்குள்ளேயே கைகலப்பு வரப் பார்த்தது. கடைசி வீட்டுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகி வந்திருந்த பெண் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "சாமிங்களை ஏன் இழுக்கறீங்க? தினம் காலைல இங்க வந்து ஆளுக்கு ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போங்க. குடிக்கும்போது யாரை வேணும்னாலும் நினைச்சுக்கோங்க" என்றாள். அவள் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அதுதான் நின்றது.

குடிக்க வேண்டும் என்று ஆனதும் எங்களுக்குப் புத்தி வந்தது. குழி வெட்டினோம். ஒன்றில் சாம்பல், ஒன்றில் மணல், கடைசிக் குழியில் மீன். மீன் செத்தால் அன்றைக்கு எவனும் அடுப்பு மூட்டக் கூடாது. நூல் முழுக்கச் சாயத்தை உறிஞ்சினால்தானே விடுகிற தண்ணீர் வெளுத்து வரும்? அதனால் பொறுமையாகப் போட்டோம். அப்படிப் போட்ட சாயம் துவைத்தால் போகவில்லை. வியாபாரிகள் "தண்ணி குடிக்கற தெரு" என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பக்தியையும் பிழைப்பையும் எங்களால் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே டம்ளரில் இருந்தன.

மற்ற நாலு பேரும் போய்விட்டார்கள். மேல்பக்கம் புதிதாக வந்த பட்டறைக்காரர்கள் யாரும் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நீ ஒருத்தன்தான். அவளை விசாரித்ததாகச் சொல்.

அப்பா


ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருப்பதாக அக்கா சொன்னாள். மருந்தைக் கசக்கிறது என்று துப்புகிறீர்கள் என்றும் சொன்னாள்.

நம் தெரு அடையாளமே மாறிவிட்டது. தார் போட்டுவிட்டார்கள். பிள்ளைகளை ஏற்றிப் போகப் பள்ளிக்கூட வண்டி வாய்க்கால் முனை வரைக்கும் வருகிறது. எல்லாம் இந்த மெஷின்கள் வந்த பிறகுதான். சங்கத்தில் என்னைப் பொருளாளராகப் போட்டிருக்கிறார்கள். பட்டறைக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து பெரிய பிரார்த்தனைக் கூடம் கட்டுகிறோம். இப்போதைக்குத் தகரக் கூரை போட்டு அங்கேயே கூடுகிறோம். தரைக்குப் பளிங்குக் கல் முழுவதும் நம்முடைய காணிக்கை. நுழைந்ததும் வலது பக்கச் சுவரில் உங்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பதாக ஏற்பாடு. நான் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னார்கள். கொடுக்கக் கொடுக்கத்தான் ஆர்டர் வருகிறது என்று தோன்றுகிறது அப்பா. அவன் கணக்கே தனி.

கடைசி வீட்டம்மா நன்றாக இருக்கிறார்.

உங்கள் மகன்


ஏப்ரல் 26

என் மகனுக்கு,

சுகம்தான். மருந்தைத் துப்பியது ஒரே ஒரு தடவை. உன் அக்கா அதை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டாள்.

கல்லில் என் பெயர் என்று மாப்பிள்ளை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது என் பெயர்தானா என்று நான் யாரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்வது? வேறு எவன் பெயரையாவது வெட்டிவிட்டு இதுதான் நீ என்று காட்டினாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். நீ ஆசையாகச் செய்கிறாய், அதில் எனக்கு வருத்தமில்லை. பெற்றவனுக்கு இதெல்லாம் இனிக்காமல் போகுமா? கூடம் கட்டுவதும் நல்ல காரியம்தான். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிக் கும்பிட ஒரு இடம் வேண்டும்.

கடைசி வீட்டம்மாவைப் பற்றி எழுதியதற்குச் சந்தோஷம். ஆனால் "நன்றாக இருக்கிறார்" என்று அவளைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திட்டினாள், கிண்டலடித்தாள், கதவைச் சாத்தினாள், இப்படித்தான் சொல்வார்கள்.

இங்கே குழாய்த் தண்ணீர். அதில் ஒரு ருசியும் இல்லை, வெந்நீர் ஆறின மாதிரி இருக்கிறது. நம் வாய்க்கால் தண்ணீர் மழைக் காலத்தில் மண் வாசம் அடிக்கும். கோடையில் லேசாக இரும்பு வாசம் அடிக்கும், நாக்கின் ஓரத்தில். இந்த வருஷமும் அப்படித்தான் இருக்கிறதா? நீ குடிக்கிறவன், உனக்குத்தான் தெரியும்.

மருமகள் இருமல் பற்றி இந்தத் தடவை எழுதவில்லை. பாப்பா கையை விட்டு நடக்கிறாளா?

அப்பா


மே 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். ஷிஃப்டு அதிகமாகிவிட்டதால் சுருக்கமாக எழுதுகிறேன். இருமல் திரும்ப வந்திருக்கிறது, மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பாப்பா கையை விட்டு நடக்கிறாள்.

நீங்கள் கேட்டீர்களே, ஆமாம் அப்பா, லேசாக இரும்பு வாசம் அடிக்கிறது. நாக்கின் ஓரத்தில்.

உங்கள் மகன்


மே 22

என் மகனுக்கு,

சுகம். உன் கடுதாசி வந்தது. சின்னதாக இருந்தாலும் விஷயம் இருந்தது.

இரும்பு வாசம் என்று கேட்டதும் எனக்கு நாக்கு ஊறிவிட்டது. இனி இங்கே தாங்காது. இரண்டாவது கண் எங்கேயும் ஓடிவிடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைதான் கொண்டுவந்து விடுகிறார். வீட்டுக்குக்கூட அப்புறம்தான். இறங்கியதும் நேரே கடைசி வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் வாங்கி வயிறு குளிரக் குடிக்க வேண்டும். அவளிடம் சொல்லி வை.

அப்பா

மச்சான், இது நானாக எழுதுவது. மாமா தூங்கப் போய்விட்டார். நீங்கள் இரும்பு வாசம் பற்றி எழுதியிருந்த வரியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. டிக்கெட் நிஜமாகவே எடுத்தாகிவிட்டது. உங்கள் அத்தான்.


மே 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இப்போது வர வேண்டாம். வெயில் கொளுத்துகிறது. ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் படுக்க முடியாது. கண்ணில் தூசி விழுந்தால் பார்த்த வைத்தியமெல்லாம் வீணாகிவிடும் என்று இங்கே உள்ள டாக்டரும் சொல்கிறார். புதுத் தார் சாலையில் செருப்பில்லாமல் நடக்கவே முடியாது. இரண்டு கண்ணும் முடிந்து, மழை பிடித்த பிறகு நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உங்கள் மகன்


ஜூன் 5

என் மகனுக்கு,

சுகம். வெயில் எனக்குப் புதிதில்லை. சாய அடுப்புக்கு முன்னால் நின்றே வெந்தவன் நான். செருப்பு உன் அக்காவிடம் இருந்தால் மாப்பிள்ளை செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிறேன். ஒரே அளவுதான், போட்டுப் பார்த்துவிட்டேன்.

இருபதாம் தேதி. டம்ளரைக் கழுவி வைக்கச் சொல்.

அப்பா


ஜூன் 10

அப்பா,

குடிக்காதீர்கள்.

நலம் கூட விசாரிக்காமல் ஆரம்பித்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அத்தான், இதை ஒரு வரி விடாமல் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் போன பிறகு கொஞ்ச நாள் தினமும் போனேன், குடித்தேன். அதுவரைக்கும் பொய்யில்லை. முதல் மெஷின் ஓடிய மறுநாள் காலையில் போகும்போது கடைசிக் குழியில் மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. பார்த்தேன். பார்க்காத மாதிரி நடந்தேன். வாய்க்கால் கீழே போகப் போக நீலமாக இருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது அப்பா. அந்த அம்மா முக்கிக் கொடுத்தார். நான் வாங்கி உதடு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். உங்கள் மேல் எனக்கு அவ்வளவு பயம். அவர்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "விடுடா. புள்ளகுட்டிக்காரன். இதைப் போய்க் குடிப்பியா?" என்று டம்ளரைப் பிடுங்கிக் கீழே ஊற்றினார். அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்றேன். "நான் எங்க சொல்லப் போறேன், எனக்கு எழுதத் தெரியுமா, அவனுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார். டம்ளரை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஆணி காலியாக இருக்கிறது.

அப்போது எனக்கு அவமானமாகத் தோன்றவே இல்லை. இனிமேல் குடிக்க வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது என்னவோ செய்கிறது.

கீழ்க்கரைக்கு லாரியில் தண்ணீர் வர ஏற்பாடு செய்தேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. வேலை கொடுக்கிறவன், தண்ணீரும் கொடுக்கிறான் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். வாய்க்கால் பக்கம் திரும்பாமல் நடக்க எனக்கு ஒரு இடம் தேவைப்பட்டது, கூடத்துக்குப் போக ஆரம்பித்தேன். பளிங்கு கொடுத்தேன். இரும்பு வாசம் என்று எழுதும்போது இவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் இருமிக்கொண்டிருந்தாள்.

மெஷினை நிறுத்தினால் கீழ்க்கரையில் உலை வைக்க மாட்டார்கள். நிறுத்தாவிட்டால் அந்த வாய்க்கால் செத்ததுதான். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வந்து அடியுங்கள், திட்டுங்கள். அதை மட்டும் குடிக்காதீர்கள் அப்பா.

உங்கள் மகன்


ஜூன் 15

என் மகனுக்கு,

நான் சுகம். நீயும் இனி சுகமாகிவிடுவாய்.

மாப்பிள்ளை ஒரு வரி விடாமல்தான் வாசித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்தது, கை வைக்கக் கூடாது. அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

இரும்பு வாசம் என்று நீ எழுதினபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொன்ன வார்த்தையையே எடுத்து எனக்கே கொடுத்திருந்தாய். சின்ன வயசில் செய்யுள் ஒப்பிப்பாயே, மறந்துபோன இடத்தில் என் வாயைப் பார்த்து நீயும் வாயை அசைப்பாய். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்பது அந்த நேரத்தில் உனக்கு நினைவே இருக்காது.

தெரிந்தும் ஏன் வருகிறேன் என்றேன் என்று கேட்பாய். உன்னை மாட்டிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வந்து குடித்திருப்பேன், அவ்வளவுதான். நல்ல தண்ணீர் என்று பிள்ளை சொன்ன பிறகு அப்பன் அதை மோந்து பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா?

பட்டறையை மூடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் ஐந்து பேரும் சாப்பாட்டுக்குத்தான் பட்டறை போட்டோம், புண்ணியத்துக்குப் போடவில்லை. பசித்தவனிடம் தெளிந்த தண்ணீரைக் காட்டிக் கும்பிடச் சொன்னால் மேலே இருக்கிறவனே கோபித்துக்கொள்வான். பாதி மெஷினை நிறுத்து. பளிங்கை நிறுத்து. என் பெயர் வேண்டாம். சுத்தம் செய்து விட இந்தக் காலத்தில் வேறு வழிகள் இருக்கும், அது உனக்குத்தான் தெரியும், எனக்குத் தெரிந்தது சாம்பலும் மணலும்தான். கூடத்தில் எல்லோரும் கூடியிருக்கும்போது எழுந்து நின்று இப்போது எனக்கு எழுதியதை அப்படியே சொல். மேல்பட்டறைக்காரர்களும் அங்கேதானே வருகிறார்கள். எங்களுக்கு ஐந்து சாமி இருந்தும் ஒரு டம்ளரில் ஒத்துப்போனோம். உங்களுக்கு ஒரே கூடம், ஒரே கூரை. எவ்வளவு சுலபம் பார்.

உன் உடம்பை நினைத்து டம்ளரைப் பிடுங்கிய அந்த அம்மாவுக்கு லாரித் தண்ணீர் அனுப்பிவிட்டால் தீர்ந்துபோகாது. அது உனக்குத் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் நேற்று வந்த கடுதாசி வந்திருக்காது.

இருபதாம் தேதி வரவில்லை. அவள் டம்ளரை மறுபடியும் ஆணியில் மாட்டும்போது எழுது. அன்றைக்கு வருகிறேன். மருமகளை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. எனக்குப் பயந்து எதையும் எழுதாமல் விடாதே. நான் உன் அப்பன், போலீஸ்காரன் இல்லை.

அப்பா


ஜனவரி 24

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும், அப்பா சொல்லச் சொல்ல மகன் எழுதுவது.

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். இப்போது இரண்டு கண்ணும் தெரிகிறது. நீங்கள் சுகமா? மாப்பிள்ளை செருப்பு என் காலில்தான் இருக்கிறது. என் செருப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் அதை அனுப்பிவைக்கிறேன்.

என் மகன் நல்லவன். எழுதுகிறவனே அவன்தான், அதனால் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன். எழுத்து கோணிக்கொண்டு போனால் பேனாவின் மேல் பழி போடாதீர்கள்.

கூடத்தில் இவன் எழுந்து நின்று பேசியபோது முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களாம். சாமி காரியத்துக்கு வைத்த பணத்தைச் சாக்கடையில் கொட்டுவதா என்று ஒருத்தர் வெளியே போய்விட்டார். பிறகு மேல்பட்டறைக்காரர் ஒருவர் தன் தண்ணீர் இதைவிட மோசம் என்று ஒத்துக்கொண்டாராம். அதற்கப்புறம் ஒவ்வொருத்தராக வாயைத் திறந்தார்கள். இப்போது அந்தப் பணத்தில் எல்லாப் பட்டறைக்கும் சேர்த்துச் சுத்திகரிப்புத் தொட்டிகள் வேலை செய்கின்றன. கூடத்துக்கு இன்னும் தகரக் கூரைதான், சிமெண்டுத் தரைதான். மழை பெய்தால் பக்கத்தில் நிற்பவன் வேண்டுவது நமக்குக் கேட்காது. கேட்க வேண்டியவனுக்குக் கேட்டால் போதும்.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஆர்டரில் பாதி வேறு ஊருக்குப் போய்விட்டது. கீழ்க்கரையில் சிலருக்கு வேலை போனது. அதில் ஒருத்தி தெருவில் எதிரே வந்தால் இவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறாள். "உங்கப்பா நல்லா இருக்கணும்" என்று சொன்னவளேதான். இதை எழுதமாட்டேன் என்றான். எழுது என்றேன். நாம் நல்லவர்களாக இருக்க அவள் வீட்டு அடுப்பு அணைந்திருக்கிறது, அதை மறைத்து வைத்துக்கொண்டு எப்படிக் கும்பிடுவது? மறுபடி ஆள் எடுக்கும்போது முதலில் அவள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நான் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டான்.

கடைசிக் குழியில் விட்ட மீன்கள் முதலில் செத்தன. மறுபடி விட்டான், செத்தன. அடுத்து விட்டவை இருக்கின்றன. மருமகளுக்கு இருமல் குறைந்திருக்கிறது, மருந்து இன்னும் நிறுத்தவில்லை. தண்ணீரைச் சோதிக்கிற இடத்தில் கொடுத்து, குடிக்கலாம் என்று தாள் வாங்கிக்கொண்டு போய்க் கடைசி வீட்டம்மாவிடம் நீட்டியிருக்கிறான். "தாளை நீயே வச்சுக்கோ. என் செடி சொல்லட்டும்" என்றாளாம். ஒரு பருவம் முழுக்க வாய்க்கால் தண்ணீரை மொண்டு வாசல் பூச்செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அது பூத்த பிறகுதான் டம்ளரை வெளியே கொண்டுவந்து மாட்டினாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு எழுதினான், நானும் வந்தேன்.

இன்று காலை அப்பனும் பிள்ளையுமாகப் போனோம். அவளுக்கு முதுகு கூன் போட்டுவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன், வீணாகிவிட்டது. டம்ளரை முக்கி எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டு இவனிடம் கொடுத்தாள்.

இவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். யாரை நினைத்தானோ. குடித்தான்.

"எப்படிடா இருக்கு?" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. வாயைக்கூட அசைக்கவில்லை.

நாக்கைச் சுழற்றிப் பார்த்தான்.

"இரும்பு இல்லப்பா. சுண்ணாம்பு மாதிரி இருக்கு. கடைசில கொஞ்சம் உப்பு."

நான் வாங்கிக் குடித்துப் பார்க்கவில்லை. இவன் சொன்னது போதும்.

அவள் டம்ளரைத் திரும்ப வாங்கிக் கவிழ்த்து உதறினாள். ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டு இவன் பக்கம் திரும்பி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னைக்கும் சாகலையா நீ?" என்றாள்.

உனக்கென்று ஒரு பதில் வைத்துக்கொள் என்று போன வருஷம் நான் சொல்லியிருந்தேன். இவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு வந்து சொல்றேம்மா."

அப்பா